லூயி பாஸ்டர்: ஆடு, மாடு, கோழியிடம் பாடம் கற்றுத் தடுப்பூசி தந்தவர்

மாட்டால் என்ன பயன், ஆட்டால் என்ன பயன் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவீர்கள். பால், மோர், நெய், முட்டை, இறைச்சி வீட்டுக்கு. சாணமும் ஆட்டுக்கிடை எருவும் நிலத்துக்கு. ஏர் ஓட்டவும் வண்டி இழுக்கவும் காளை. காவலுக்கு நாய். பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ திடீரென்று வந்தால் சந்தைக்கு ஓட்டிப்போக இரண்டு வெள்ளாடு. இந்தக் கணக்கில் ஒரு வரவு மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. உங்கள் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிறார்களே, அந்த முறையை மனிதன் கற்றுக்கொண்டது வீட்டு விலங்குகளிடமிருந்துதான்.

அந்தப் பாடத்தைப் படித்து உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். அவர் மருத்துவரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை; வேதியியல் படித்தவர். ஆனாலும் பட்டுப்புழு, கோழி, செம்மறியாடு, மாடு, பன்றி, முயல், நாய் என்று விவசாயி வளர்க்கும் உயிர்களின் நோய்களைத் தேடிப் போய் ஆராய்ந்தார். தடுப்பூசி முகாம் என்றால் மாட்டைக் காட்டுக்கு ஓட்டிவிடுகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஆங்காங்கே இருக்கிறது. ஆகவே அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது வெறும் பொது அறிவு அல்ல. உங்கள் தொழுவத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது.

தோல் பதனிடுபவரின் மகன்

பாஸ்டர் 1822 டிசம்பர் 27-ம் தேதி, பிரான்சின் கிழக்கே ஜூரா பகுதியில் உள்ள டோல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா நெப்போலியனின் படையில் இருந்து திரும்பியவர். தோல் பதனிடும் தொழில் செய்தார். குடும்பம் பிறகு ஆர்புவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர் அது. தோல் ஊறும் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே அவர் வளர்ந்தார். சிறு வயதில் படிப்பில் சுமார்தான். படம் வரைவதில் கெட்டிக்காரர்.

அவருக்கு எட்டு வயது இருக்கும்போது, 1831-ல், வெறி பிடித்த ஓநாய் ஒன்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் பலரைக் கடித்துவிட்டது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டார்கள். அந்தக் காலத்தில் அதைவிட்டால் வேறு வைத்தியம் இல்லை. அப்படியும் பலர் இறந்துபோனார்கள். ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து அதே நோய்க்கு இந்தச் சிறுவன் மருந்து கொண்டுவருவான் என்று அன்று யாருக்கும் தெரியாது.

பாரிசில் உயர்கல்வி படித்து 1847-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பேராசிரியராக இருந்தபோது 1849-ல் மரி என்ற பெண்ணை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்புகளை எழுதிக் கொடுத்து, கடைசிவரை உறுதுணையாக இருந்தவர் அவர். இருவருக்கும் ஐந்து பிள்ளைகள். 1859-ல் மூத்த மகள் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். 1865-ல் இரண்டு வயது மகளையும், 1866-ல் பன்னிரண்டு வயது மகளையும் பறிகொடுத்தார்கள். ஐந்தில் மூன்று போயிற்று. தொற்றுநோய் என்பது பாஸ்டருக்குப் புத்தகத்தில் மட்டும் படித்த விஷயமாக இருக்கவில்லை.

புளிப்பில் கிடைத்த துப்பு

1854-ல் லில் என்ற தொழில் நகரத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கே பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலை வைத்திருந்த ஒருவர், சரக்கு அடிக்கடி புளித்துக் கெட்டுப்போவதாக அவரிடம் முறையிட்டார். பாஸ்டர் ஆலைக்கே போய், நல்ல தொட்டியிலும் கெட்ட தொட்டியிலும் நீர் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்லதில் உருண்டையான ஈஸ்ட் செல்கள். கெட்டதில் வேறு வடிவத்தில், மிகச் சிறிய குச்சி போன்ற உயிர்கள்.

பாலுக்கு உறை ஊற்றுகிறீர்கள், காலையில் தயிராகிறது. அது எப்படி என்று அன்றைய வேதியியலாளர்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. உயிரில்லாத வேதி மாற்றம் என்றே நினைத்தார்கள். ஒவ்வொரு புளிப்புக்கும் ஒவ்வொரு நுண்ணுயிர் காரணம் என்று 1857 முதல் பாஸ்டர் காட்டினார். நுண்ணுயிர் தானாக முளைப்பதில்லை, வெளியிலிருந்துதான் வருகிறது என்பதையும் கழுத்து வளைந்த கண்ணாடிக் குடுவைகளைக் கொண்டு மெய்ப்பித்தார். கொதிக்க வைத்த சாற்றை அந்தக் குடுவையில் வைத்தால் கெடாது. தூசி நுழைய வழிவிட்டால் கெட்டுவிடும்.

திராட்சை மதுவை மிதமாகச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறையை 1860-களில் கண்டுபிடித்தார். பிறகு வந்தவர்கள் அதே முறையைப் பாலுக்கும் கொண்டுவந்தார்கள். நீங்கள் சங்கத்தில் ஊற்றும் பால் பதப்படுத்தும் நிலையத்துக்குப் போனதும் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர வைக்கிறார்களே, அதற்குப் பாஸ்டர் பெயரால்தான் பாஸ்டுரைசேஷன் என்று பெயர்.

ஒரு பொருளைப் புளிக்க வைப்பது நுண்ணுயிர் என்றால், உடம்பில் நோய் உண்டாக்குவதும் நுண்ணுயிராக இருக்கலாம் அல்லவா? அந்த எண்ணம்தான் அவரைக் கால்நடைகளிடம் கொண்டுவந்து சேர்த்தது.

பட்டுப்புழு: முதல் பாடம்

1865-ல் தெற்குப் பிரான்சில் பட்டு வளர்ப்பு அழிந்துகொண்டிருந்தது. புழுக்கள் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளி விழுந்து செத்தன. பெப்ரின் என்று பெயர். மல்பெரி மரங்களை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பிழைக்க வழியில்லாமல் தவித்தன. அரசு பாஸ்டரை அலெஸ் என்ற ஊருக்கு அனுப்பியது. அதுவரை அவர் பட்டுப்புழுவையே கையில் தொட்டதில்லை.

ஐந்து ஆண்டுகள் பருவந்தோறும் அங்கே போய்ப் புழு வளர்த்தார். நோயுற்ற புழுவில் தெரிந்த நுண்துகளை நோய்க்கு அறிகுறி என்றுதான் முதலில் தவறாக நினைத்தார்; அதுவே நோய்க்குக் காரணம் என்று தெளிய இரண்டு ஆண்டு போல ஆயிற்று. தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டைக்கும், இலை வழியாகப் புழுவிலிருந்து புழுவுக்கும் அது பரவுவதைக் கண்டார். இதில் ஃபிளாஷரி என்ற இன்னொரு நோயும் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். 1868 அக்டோபரில், 45 வயதில், அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஓரளவு தேறியதும் மறுபடி அலெசுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சொன்ன தீர்வு எளிமையானது. ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிட விடுங்கள். முட்டையிட்ட பிறகு அந்தப் பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். துகள் தெரிந்தால் அதன் முட்டைகளை எரித்துவிடுங்கள். தெரியாவிட்டால் வளர்ப்புக்குக் கொடுங்கள். பட்டு வளர்க்கும் விவசாயிகளே, இன்று உங்களுக்கு முட்டைத்தொகுதி தரும் வித்தகங்களில் தாய் அந்துப்பூச்சிப் பரிசோதனை என்று செய்வது இதைத்தான். 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் பெப்ரினுக்கு இதைவிட நல்ல வழி வரவில்லை. ஆகவே விலை மலிவு என்று பரிசோதிக்காத முட்டையை வாங்காதீர்கள்.

சாபம் பிடித்த வயல்கள்

அடுத்து வந்தது அடைப்பான் நோய். ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ் என்பார்கள். பிரான்சில் ஆண்டுதோறும் ஏராளமான செம்மறியாடுகளும் மாடுகளும் இதில் செத்தன. காலையில் மேய்ச்சலுக்குப் போன ஆடு மாலையில் பிணமாகக் கிடக்கும், உடல் உப்பும், மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பு இரத்தம் உறையாமல் கசியும். சில வயல்களில் ஆடு மேய்த்தாலே சாகும் என்று அவற்றைச் சாபம் பிடித்த வயல்கள் என்று மக்கள் ஒதுக்கினார்கள்.

1876-ல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் இந்த நோய்க்கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கண்டறிந்தார். கிருமி கெட்டியான வித்தாக மாறி நெடுநாள் உயிரோடு இருக்கும் என்று காட்டியவர் அவரே. அடுத்த ஆண்டு பாஸ்டரும் இதில் இறங்கினார். வயலுக்கே போனார், மேய்ப்பர்களிடம் விசாரித்தார். செத்த ஆடுகளைப் புதைத்த இடத்தில் மேல் மண்ணைச் சோதித்தார். மண்புழுக்கள் வெளித்தள்ளிய மண்ணில் அடைப்பான் வித்துகள் இருந்தன. ஆழத்தில் புதைத்த கிருமி மண்புழு வழியாக மேலே வருகிறது என்று 1880-ல் அறிவித்தார். வெள்ளமும் உழவும்கூட வித்துகளை மேலே கொண்டுவரும் என்று இன்று அறிகிறோம். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும்.

இன்னொரு சோதனையும் செய்தார். வித்து கலந்த தீவனத்தைச் சில ஆடுகளுக்குக் கொடுத்தார். சிலவற்றுக்கு அதோடு முட்செடியையும் சேர்த்துக் கொடுத்தார். முள் குத்தி வாயில் காயம் பட்ட ஆடுகளே அதிகம் செத்தன. வாய்ப்புண் வழியாகக் கிருமி உடம்புக்குள் போய்விடுகிறது. கோடையில் புல் கருகிப்போய், ஆடுகள் மண்ணோடு ஒட்டக் கடித்து முள்ளையும் தின்னும் காலத்தில் நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோழிக்கு அடைப்பான் ஏன் வருவதில்லை என்றும் யோசித்தார். கோழியின் உடல் வெப்பம் சுமார் 42 டிகிரி, நம்முடையதைவிட அதிகம். ஊசி மூலம் கிருமி ஏற்றிய கோழியைக் குளிர்ந்த நீரில் நிற்க வைத்து உடல் சூட்டைக் குறைத்தார், கோழி செத்தது. நோய் கண்ட பிறகு வெளியே எடுத்துக் கதகதப்பாக வைத்த இன்னொரு கோழி பிழைத்தது.

கோழி கற்றுக்கொடுத்த தடுப்பூசி

அப்போது ஐரோப்பாவில் கோழிக் காலரா என்ற கழிச்சல் நோய் பண்ணை பண்ணையாகக் கோழிகளை வாரிக்கொண்டு போனது. துலூஸ் நகரத்துக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் தூசான் அனுப்பிய கிருமி மாதிரியை வைத்து, பாஸ்டர் அதைக் கோழிச்சாற்றில் வளர்த்தார். 1879 கோடைக்குப் பிறகு அவரும் உதவியாளர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். நாள்பட்ட கிருமிச்சாற்றை ஊசி போட்டால் கோழி சற்றே சோர்ந்து பிறகு தேறிவிட்டது. அந்தக் கோழிகளுக்குப் பின்னால் வீரியமான கிருமியை ஏற்றினாலும் அவை சாகவில்லை. விடுமுறையில் மறந்துபோன குடுவையால் தற்செயலாகக் கிடைத்த கண்டுபிடிப்பு என்று கதையாகச் சொல்வார்கள். அவருடைய குறிப்பேடுகளைப் படித்தவர்களோ, மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகே முடிவுக்கு வந்தார் என்று எழுதியிருக்கிறார்கள்.

கிருமியின் வீரியத்தைக் குறைத்து, நோய் வருமுன் உடம்புக்கு அறிமுகப்படுத்தினால், உடம்பு எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்கிறது. இதுதான் 1880-ல் அவர் வெளியிட்ட செய்தி. இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1796-ல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், பால் கறக்கும் பெண்ணின் கையில் வந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவனுக்குக் குத்திப் பெரியம்மையைத் தடுத்தார். லத்தீன் மொழியில் மாட்டுக்கு வாக்கா என்று பெயர். அதிலிருந்து வந்தது வாக்சின் என்ற சொல். ஜென்னருக்கு மரியாதை செய்யும் விதமாக எல்லாத் தடுப்பு மருந்துக்கும் வாக்சின் என்ற பெயரையே வைக்கலாம் என்று 1881-ல் லண்டனில் பாஸ்டர் முன்மொழிந்தார். தடுப்பூசியின் பெயரிலேயே மாடு இருக்கிறது.

கோழிக் காலராக் கிருமிக்குப் பாஸ்டரின் பெயரால் பாஸ்டுரெல்லா என்று பெயர். நம் ஊரில் மழைக்காலத்தில் மாட்டையும் எருமையையும் தொண்டை வீங்கி ஒரே நாளில் கொல்கிறதே தொண்டை அடைப்பான், அதற்குக் காரணமும் இதே கிருமி இனம்தான்.

ஊரே கூடிப் பார்த்த சோதனை

கோழியில் கண்டதை அடைப்பானுக்கும் செய்யலாம் என்று பாஸ்டர் அறிவித்தபோது நம்பியவர்கள் குறைவு. ஆய்வகத்தில் நடப்பது பட்டியில் நடக்குமா என்று கால்நடை மருத்துவர்களே கேட்டார்கள். அவர்களில் ரோசினியோல் என்பவர் பகிரங்கமாகச் செய்து காட்டச் சொன்னார். மெலன் நகர விவசாயச் சங்கம் ஆடு மாடுகளைக் கொடுத்தது. இடம் பூய்லி லெ ஃபோர் என்ற கிராமத்தில் ஒரு பண்ணை. ஆண்டு 1881.

ஒரு பக்கம் 24 செம்மறியாடு, ஒரு வெள்ளாடு, 6 மாடு. இவற்றுக்கு மே 5-ம் தேதி வீரியம் மிகக் குறைந்த மருந்து, மே 17-ம் தேதி சற்றே வீரியம் கூடிய மருந்து என்று இரண்டு தவணை ஊசி. மறுபக்கம் 24 செம்மறியாடு, ஒரு வெள்ளாடு, 4 மாடு. இவற்றுக்கு ஊசி இல்லை. மே 31-ம் தேதி இரு பக்கத்துக்கும் ஒரே அளவில், கொல்லக்கூடிய அடைப்பான் கிருமி ஏற்றப்பட்டது. ஊசி போட்டவை பிழைக்கும், போடாத ஆடுகள் சாகும் என்று பாஸ்டர் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிட்டார். ஓர் ஆடு மாறிச் செத்திருந்தாலும் ஊர் சிரித்திருக்கும்.

ஜூன் 2-ம் தேதி மதியம் விவசாயிகளும் மருத்துவர்களும் செய்தியாளர்களும் கூட்டமாக வந்தார்கள். ஊசி போட்ட ஆடுகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. போடாதவற்றில் 21 செம்மறியும் வெள்ளாடும் செத்துக் கிடந்தன. இன்னும் இரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தன. கடைசி ஆடு பொழுது சாயும் நேரத்தில் போனது. ஊசி போடாத 4 மாடுகள் சாகவில்லை. ஆனால் காய்ச்சலும் பெரிய வீக்கமும் வந்து தவித்தன. ஊசி போட்ட 6 மாடுகளுக்கு ஒன்றுமில்லை. ஊசி போட்ட பக்கத்தில் சினையாக இருந்த ஒரு பெட்டை ஆடு மட்டும் மறுநாள் இறந்தது. வயிற்றுக்குள் குட்டி இறந்துபோனதே காரணம் என்று சொன்னார்கள்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. காற்றும் சூடும் கொண்டு வீரியம் குறைத்த மருந்து என்றே அன்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அங்கே போட்டது, உதவியாளர் ஷாம்பெர்லான் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துத் தயாரித்த மருந்து. பாஸ்டர் அதை வெளியே சொல்லவில்லை. பின்னாளில் அவருடைய குறிப்பேடுகளைப் படித்தபோது அது உறுதியானது. மாதிரி கொடுத்த தூசானும் 1880-லேயே ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பு மருந்து போட்டுப் பார்த்தவர். அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. பெரிய மனிதருக்கும் இப்படிக் குறை இருந்தது. ஆனால் ஊசி வேலை செய்தது என்பதில் ஐயமில்லை. 1894-க்குள் பிரான்சில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டன. நூற்றுக்குப் பத்து என்று செத்துக்கொண்டிருந்த மந்தைகளில் இழப்பு நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தது.

பன்றியும் முயலும்

1882-ல் தெற்குப் பிரான்சில் பன்றிகளுக்குச் செந்தடிப்பு நோய் பரவியது. பாஸ்டரும் இளம் உதவியாளர் தூலியேவும் அந்தக் கிருமியை முயலின் உடலில் வரிசையாக மாற்றி மாற்றி வளர்த்தார்கள். முயலுக்கு ஏற்றபடி அது பழகப் பழக, பன்றியைக் கொல்லும் வீரியம் குறைந்தது. ஓர் உயிரின் உடம்பில் பழக்கி இன்னோர் உயிருக்கு மருந்தாக்கலாம் என்ற இந்த நுட்பம், பின்னால் பல தடுப்பு மருந்துகளுக்கு வழிகாட்டியது. தூலியே அடுத்த ஆண்டே எகிப்தில் காலராவை ஆராயப்போய், அதே நோயில் இறந்தார். அவருக்கு வயது 27-தான்.

நாய்க்கடிக்கு மருந்து

கடைசியாக, சிறு வயதில் பார்த்த வெறிநோய். இதன் கிருமி நுண்ணோக்கிக்கும் தெரியவில்லை, குடுவையிலும் வளரவில்லை. எனவே பாஸ்டரும் ரூ என்ற உதவியாளரும் முயலின் உடம்பையே குடுவையாக்கினார்கள். வெறிநோயில் இறந்த முயலின் தண்டுவடத்தை எடுத்து, ஈரமில்லாத காற்றில் தொங்கவிட்டுக் காய வைத்தார்கள். காயக் காய வீரியம் குறைந்தது. 14 நாளில் ஏறக்குறையப் போய்விட்டது. முதலில் நன்கு காய்ந்ததில் தொடங்கி, நாளுக்கு நாள் புதியதாக ஊசி போட்டு, நாய்களைக் காப்பாற்றிக் காட்டினார்கள். இந்தச் சோதனைகளில் உயிர்விட்ட முயல்களுக்கும் நாய்களுக்கும் கணக்கில்லை. அந்த உயிர்களை மறந்துவிட்டு இந்த மருந்தைப் பற்றிப் பேசக் கூடாது.

1885 ஜூலை 6-ம் தேதி, அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகன் ஜோசப் மைஸ்டரை அழைத்துவந்தார். இரண்டு நாளுக்கு முன் வெறிநாய் அவனைப் பல இடங்களில் குதறியிருந்தது. மனிதருக்கு அந்த ஊசியைப் போடத் துணியலாமா என்று பாஸ்டர் கலங்கினார். போடாவிட்டால் சாவு என்பது மட்டும் தெரிந்திருந்தது. அவர் மருத்துவர் அல்லாததால் கிரான்ஷே என்ற மருத்துவர் ஊசி போட்டார். 13 ஊசி. பையன் பிழைத்தான். பின்னாளில் பாரிசில் உள்ள பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான்.

அடுத்து வந்தவன் ஒரு மேய்ப்பன். ஜூரா பகுதியைச் சேர்ந்த ஜூப்பில், 15 வயது. சின்னப் பையன்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது வெறிநாய் பாய்ந்துவந்தது. அவர்களை ஓடச் சொல்லிவிட்டு இவன் நாயோடு மல்லுக்கு நின்று கடிபட்டான். அக்டோபரில் ஊசி போட்டு அவனும் பிழைத்தான். நாயோடு போராடும் அந்த மேய்ப்பனுக்குப் பாஸ்டர் நிலையத்தில் சிலை வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் பிழைத்துவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில், தலையில் கடிபட்டு 37 நாள் ஆன ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் பெற்றோருக்காக ஊசி போட்டார். அவள் இறந்துபோனாள். நாய்க்கடி விஷயத்தில் காத்திருந்து பார்ப்போம் என்று நினைப்பவர்கள் இந்தக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

பொதுமக்கள் கொடுத்த நன்கொடையால் 1888 நவம்பரில் பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் அந்த வழியில் வந்ததுதான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று உங்கள் தாத்தா பாட்டி பயமுறுத்துவார்களே, அந்த மருந்தை ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியிலிருந்து எடுத்தார்கள். அதை நிறுத்தி ஏறக்குறைய 20 ஆண்டுகளாகின்றன. இப்போது போடுவது கையில் சில ஊசிகள் மட்டுமே.

1895 செப்டம்பர் 28-ம் தேதி பாஸ்டர் காலமானார். அந்த நாளைத்தான் உலக வெறிநோய் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அவரைப் பாஸ்டர் நிலையத்தின் நிலவறையில் அடக்கம் செய்தார்கள். அந்த அறையின் சுவரிலும் கூரையிலும் வண்ணக் கல் பதித்த படங்கள் உண்டு. கோழி, செம்மறி, மாடு, முயல், நாய், மல்பெரிக் கிளை, திராட்சைக் கொடி எல்லாம் அதில் இருக்கின்றன. அவருக்குப் பாடம் சொன்ன உயிர்கள் அவரைச் சுற்றியே நிற்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியவை

கால்நடை உயிர்கொடுத்து நமக்குத் தடுப்பூசியைத் தந்தது. அதே ஊசியை அதற்கு உரிய காலத்தில் போடுவது நாம் திருப்பிச் செலுத்தும் கடன்.

1. ஊசி போட்ட ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமும் வரலாம். பால் கொஞ்சம் குறையலாம். மருந்துக்கு உடம்பு பழகுகிறது என்று அர்த்தம். ஒரு மாடு செத்தால் வரும் இழப்போடு ஒப்பிட்டால் அந்த இரண்டு லிட்டர் பால் பெரிதல்ல.

2. நோய் வந்த பிறகு போடுவது தடுப்பூசி ஆகாது. தொண்டை அடைப்பானுக்கு மழைக்காலம் தொடங்குமுன் போடுங்கள். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் இலவச முகாமுக்கு எல்லா மாட்டையும் ஓட்டிவாருங்கள். ஒன்றிரண்டை மறைத்து வைத்தால் நோய் அங்கிருந்துதான் கிளம்பும்.

3. அடைப்பான் முன்பு கண்ட ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை அதற்கான ஊசி அவசியம். அது உயிருள்ள வித்து மருந்து. ஊசி போடும் சமயத்தில் பென்சிலின் போன்ற மருந்து கொடுத்தால் பலன் கெட்டுவிடும். மாட்டுக்கு வேறு சிகிச்சை நடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சினை மாடு, சினை ஆடு என்றாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

4. திடீரென்று செத்த ஆடு மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாயில் இரத்தம் கசிந்தால் அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் தங்கிவிடும். அறுத்தவர் கையிலும் கருப்புப் பொருக்குப் புண் வரும். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அவர் சொல்லும் முறையில் எரிக்க வேண்டும், அல்லது மேய்ச்சலும் நீர்நிலையும் இல்லாத இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

5. வீட்டு நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய் ஊசியும், பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசியும் போடுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம். மாட்டையோ ஆட்டையோ வெறிநாய் கடித்தாலும் இப்படியே கழுவி, அன்றே ஊசியைத் தொடங்குங்கள்.

6. தடுப்பு மருந்தைக் குளிர் குறையாமல் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்து போடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நமக்கு வேண்டிய மருந்துகளில் பலவற்றை இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. ஊசி போட உங்கள் பகுதியிலேயே கால்நடை மருந்தகம் இருக்கிறது. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் ஊர்தியை அழைக்கலாம். பாஸ்டர் காலத்து விவசாயிக்கு இவை எதுவும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அடுத்த முகாம் தேதியை இன்றே மருந்தகத்தில் கேட்டு, மாட்டுக்கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.